ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய கடிகாரம்: விண்டோஸ், லினக்ஸ் ஒப்பீட்டை எங்கிருந்து எழுதுவது

என் அண்ணன் மகள் ஏற்காட்டில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்களான விண்டோஸையும் லினக்ஸையும் ஒப்பிட்டுப் பத்துப் பக்கத்துக்குக் கட்டுரை எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பதால், மலைக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு, இடது பக்கம் விண்டோஸ், வலது பக்கம் லினக்ஸ், பதினைந்து வரி. காசு கொடுத்து வாங்க வேண்டும், இலவசம். வைரஸ் வரும், வராது. சுலபம், கஷ்டம். இப்படியே கீழே வரைக்கும். சில வரி சரி, சில வரி அரைகுறை, ஒன்றிரண்டு தப்பு. எனக்கு உறுத்தியது வேறு: பதினைந்து வரியில் ஒன்றுக்குக்கூட ‘ஏன்’ இல்லை. அந்த அட்டவணையை அப்படியே எழுதிக் கொடுத்தால் மதிப்பெண் வந்துவிடும், ஆனால் இந்த இரண்டும் ஏன் இப்படி வேறு வேறாக வளர்ந்தன என்று பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடும்.

அன்றைக்குச் சாயங்காலமே நல்ல ஆரம்பம் ஒன்று தானாகக் கிடைத்தது. அவள் வீட்டில் இருப்பது என் தங்கை பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011-ல் தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் தொடங்கிய காலத்தில் விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் இரண்டையும் போட்டே கொடுத்தார்கள். பாஸ் என்றால் பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. வாங்கிய பிள்ளைகளில் பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை, இடத்தை அடைக்கிறது என்று அழித்துத் தரச் சொல்லி என் கடைக்கே எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். இந்த மடிக்கணினியில் மட்டும் நான் விண்டோஸைத் தொடாமல், பாஸ் இருந்த இடத்தில் புதிய டெபியனைப் போட்டு வைத்திருந்தேன். அவள் லினக்ஸில் போன் ஹாட்ஸ்பாட்டை வைத்து ஏதோ தேடிவிட்டு, அணைத்து, இன்டர்நெட் இல்லாமல் விண்டோஸைத் திறந்தாள். “சித்தப்பா, மணி தப்பாக் காட்டுது” என்றாள். அப்போது ராத்திரி ஏழு பத்து. திரையில் மதியம் 1:40.

சரியாக ஐந்தரை மணி நேரம். கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை, பேட்டரியும் நன்றாகத்தான் இருக்கிறது. மதர்போர்டில் ஒரு சின்னக் கடிகாரம் உண்டு, கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் அது ஓடிக்கொண்டே இருக்கும். அதில் உள்ள நேரத்தை விண்டோஸ் ‘நம்ம ஊர் நேரம்’ என்று எடுத்துக்கொள்ளும். லினக்ஸோ அதை உலகப் பொது நேரமாக, அதாவது யூடிசி-யாக எடுத்துக்கொண்டு, நாம் இந்தியாவில் இருக்கிறோம் என்பதால் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டித் திரையில் காட்டும். லினக்ஸ் இன்டர்நெட்டில் நேரத்தைச் சரிபார்த்துவிட்டு அந்தக் கடிகாரத்தில் 1:40 என்று எழுதி வைத்தது. பிறகு வந்த விண்டோஸ் அதை அப்படியே படித்துக் காட்டிவிட்டது. இரண்டுமே தன் கணக்கில் சரிதான்.

ஏன் இரண்டு கணக்கு? கட்டுரையின் மையமே இந்தக் கேள்விதான் என்று அவளிடம் சொன்னேன், இந்த ஒரு பதிலில் இருந்தே அட்டவணையின் பதினைந்து வரியில் பாதிக்கு மேல் விளக்கிவிடலாம்.

விண்டோஸின் வேர் ஐபிஎம் பிசி. 1981 ஆகஸ்டில் அது வந்தபோது, ஒரு மேஜை, ஒரு ஆள், ஒரு மெஷின் என்பதுதான் எண்ணம். அதற்குப் போட்ட, விண்டோஸுக்கு முன்னோடியான எம்எஸ்-டாஸ் என்ற இயக்க மென்பொருளை மைக்ரோசாஃப்ட் தானாக முதலில் இருந்து எழுதவில்லை. டிம் பேட்டர்சன் என்பவர் சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சின்ன நிறுவனத்துக்காக எழுதியதை வாங்கி மாற்றியது. ஒரே ஆள் மேஜையில் இருக்கிற மெஷினுக்குச் சுவரில் மாட்டிய கடிகாரத்தின் நேரம் போதும். லினக்ஸின் வேர் யூனிக்ஸ். 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கியது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்பது பீரோ பீரோவாக நிற்கும், விலையோ யானை விலை, ஒரு மெஷினைப் பல பேர் ஒரே நேரத்தில் பங்கு போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். பிற்பாடு இந்த மெஷின்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தபோது ஒன்று ஒரு நாட்டிலும் இன்னொன்று வேறொரு நாட்டிலும் இருக்கும், அதனால் எல்லாருக்கும் பொதுவான நேரம் தேவைப்பட்டது. யூனிக்ஸ் 1970 ஜனவரி 1-ஆம் தேதி பொது நேரத்தில் இருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டே போகும். லினக்ஸ் அதே பழக்கத்தை எடுத்துக்கொண்டது.

ஒரு ஆளுக்கான மேஜை மெஷின், பல பேர் பங்கு போட்ட பெரிய மெஷின். இந்த இரண்டு படத்தையும் மனதில் வைத்துக்கொண்டு அட்டவணையைத் திரும்பப் படித்தால் ஒவ்வொரு வரியும் பேச ஆரம்பிக்கும்.

பாதுகாப்பு வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பல பேர் ஒரே மெஷினில் வேலை செய்தால் ஒருத்தர் கோப்பை இன்னொருத்தர் அழிக்கக் கூடாது, யாருமே மெஷினின் அடிப்படையில் கை வைக்கக் கூடாது. அதனால் யூனிக்ஸில் ஆரம்பத்திலேயே ஆளுக்கு ஒரு கணக்கு, ஒவ்வொரு கோப்புக்கும் யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம் என்ற அனுமதி, எல்லாவற்றுக்கும் மேலே ரூட் என்ற ஒரு அதிகாரி. டாஸில் இதற்கெல்லாம் தேவையே இல்லை, மேஜையில் இருப்பது நீங்கள் மட்டும்தானே. விண்டோஸ் 95-ல் பாஸ்வேர்ட் கேட்கும் பெட்டி வந்தால் கேன்சல் அழுத்தி உள்ளே போய்விடலாம், எங்கள் வயது ஆட்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். அப்புறம் விண்டோஸும் மாறிவிட்டது, இதை அட்டவணைகள் சொல்வதே இல்லை. 1993-ல் டேவ் கட்லர் தலைமையில் விண்டோஸ் என்டி என்று முற்றிலும் புதிய அடித்தளத்தை எழுதி வெளியிட்டார்கள், அதில் கணக்கு, அனுமதி எல்லாம் முறையாக இருந்தது. 2001-ல் எக்ஸ்பி வந்தபோது அந்த அடித்தளம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது, இன்றைய விண்டோஸ் 11-ம் அதன் பிள்ளைதான். ஆனால் எக்ஸ்பி-யில் வீட்டில் உருவாக்கும் கணக்கு வழக்கமாக முழு அதிகாரத்தோடே இருந்தது; பழைய புரோகிராம்கள் அப்படித்தான் எதிர்பார்த்தன. வீடு புதிது, பழக்கம் பழையது. 2007-ல் விஸ்டாவோடுதான் ‘இதை அனுமதிக்கலாமா’ என்று கேட்கும் பெட்டி வந்தது, எரிச்சலூட்டினாலும் அது வந்தது நல்லதுக்குத்தான்.

அதனால் ‘விண்டோஸுக்கு வைரஸ் வரும், லினக்ஸுக்கு வராது’ என்று எழுத வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை பரவி உலகம் முழுக்க விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் பூட்டியது உண்மை. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டுவிட்டது என்பதும் உண்மை, போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். லினக்ஸ் பக்கம் 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கித் தரும் எக்ஸ்இசட் என்ற சின்ன மென்பொருளுக்குள் யாரோ திட்டமிட்டுக் கள்ளக் கதவு வைத்திருந்தது தெரியவந்தது. அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட். தொலைவில் இருந்து உள்நுழைய வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டினார். அப்போது அவர் வேலை பார்த்தது மைக்ரோசாஃப்டில். மூல நிரல், அதாவது புரோகிராமர்கள் எழுதிய வரிகள், எல்லாருக்கும் திறந்திருந்ததால்தான் கள்ளன் உள்ளே வந்தான், அது திறந்திருந்ததால்தான் அவனைப் பிடிக்கவும் முடிந்தது. பள்ளிக் கட்டுரையில் இந்த ஒரு சம்பவத்தை ஒழுங்காக விளக்கினால் ஒரு பக்கம் நிறைந்துவிடும், படிக்கிற ஆசிரியருக்கும் புதிதாக இருக்கும்.

சி டிரைவ் விஷயமும் இப்படித்தான். விண்டோஸில் ஏன் ஏ, பி இல்லாமல் சி-யில் தொடங்குகிறது என்று அவளிடம் கேட்டேன், தெரியவில்லை. அவள் பிளாப்பியையே பார்த்ததில்லை. முதல் பிசி-களில் இரண்டு பிளாப்பி டிரைவ், அவைதான் ஏ-யும் பி-யும், ஹார்ட் டிஸ்க் பிற்பாடு வந்ததால் சி. எழுத்து வைக்கும் அந்த வழக்கம் டாஸுக்கு முன்பே இருந்த சிபி/எம் என்ற இயக்க மென்பொருளில் இருந்து வந்தது. லினக்ஸில் எத்தனை டிஸ்க் மாட்டினாலும் ஒரே மரம், அடியில் ஒரு சாய்கோடு, பென்டிரைவ் கூட அந்த மரத்தில் ஒரு கிளையாகத்தான் வந்து ஒட்டும். சாய்கோடு என்றதும் இன்னொன்று: லினக்ஸில் அது வலப்பக்கம் சாயும், விண்டோஸில் இடப்பக்கம். 1983-ல் டாஸ் 2.0-வில் கோப்புறைகள் வந்தபோது, வலப்பக்கம் சாயும் கோடு ஏற்கனவே கட்டளைகளில் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தது, அதனால் திருப்பிப் போட்டார்கள். நாற்பது வருடம் தாண்டியும் அப்படியே இருக்கிறது.

செய்து பார்க்கக்கூடிய இரண்டு சோதனை சொல்லிக்கொடுத்தேன், இரண்டும் ஐந்து நிமிட வேலை. முதலாவது, சேலம் என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கி ஒரு கோப்புறை, முழுக்கச் சின்ன எழுத்தில் இன்னொன்று, இரண்டையும் ஒரே இடத்தில் உருவாக்கிப் பாருங்கள். லினக்ஸ் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும், விண்டோஸ் அந்தப் பெயர் ஏற்கனவே இருக்கிறது என்று சொல்லும். தமிழில் பெயர் வைத்தால் இந்தப் பிரச்சினையே கிடையாது, நமக்கு ஏது பெரிய எழுத்து, சின்ன எழுத்து!

இரண்டாவது சோதனையில் விஷயம் அதிகம். விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோப்பை அழியுங்கள் (தேவையில்லாத வீடியோவாக எடுத்துக்கொள்ளவும்). விண்டோஸ், கோப்பு திறந்திருக்கிறது, அழிக்க முடியாது என்று மறுக்கும். லினக்ஸில் கோப்பு கண்ணில் இருந்து மறைந்துவிடும், வீடியோ மட்டும் நிற்காமல் ஓடும்! ஏனென்றால் லினக்ஸில் கோப்பின் பெயர் வேறு, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. பெயர் என்பது சரக்கு எங்கே இருக்கிறது என்று காட்டும் சீட்டு. நீங்கள் அழித்தது சீட்டை. யாராவது சரக்கைக் கையில் வைத்திருக்கும்வரை அது டிஸ்கில் இருக்கும், கடைசி ஆள் விட்டதும் போய்விடும். விண்டோஸில் ஒரு புரோகிராம் கோப்பைத் திறந்தால், அந்தப் புரோகிராமே தனியாக அனுமதி கொடுத்தால் ஒழிய, மற்றவர்கள் அதை அழிக்கவோ மாற்றி வைக்கவோ முடியாது.

சரி, இதனால் நமக்கு என்ன என்று கேட்டால், அப்டேட் போட்டதும் விண்டோஸ் ஏன் அடிக்கடி ரீஸ்டார்ட் கேட்கிறது என்பதற்குப் பெரிய காரணமே இதுதான். ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை மாற்ற முடியாது, அதனால் எல்லாம் நின்ற பிறகு, மறுபடி எழும் முன், மாற்றிவிட்டு வருகிறது. லினக்ஸ் பழையதை ஓடவிட்டபடியே அதே பெயரில் புதியதை வைத்துவிடும். அடுத்த தடவை அந்தப் புரோகிராமைத் திறக்கும்போது புதியது வரும். ஆனால் கெர்னல் மாறினால் லினக்ஸுக்கும் சாதாரணமாக ரீஸ்டார்ட் வேண்டும், அதை மறைக்கக் கூடாது.

கெர்னல் என்ற வார்த்தை வந்துவிட்டது, அதனால் ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ‘லினக்ஸ்’ என்பது கெர்னலின் பெயர் மட்டும். கெர்னல் என்றால் நடுவில் உட்கார்ந்து மெமரி, பிராசசர், டிஸ்க் எல்லாவற்றையும் புரோகிராம்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிற கரு. 1991-ல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது அதைத்தான். அதைச் சுற்றி இருக்கிற கருவிகளில் பெரும்பகுதி ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் அறிவித்த குனூ திட்டத்தில் இருந்து வந்தது. திரையில் தெரிகிற மேஜைத்தளம் இன்னொரு குழு செய்தது. இதையெல்லாம் ஒன்றாகக் கட்டித் தருகிறவர்கள்தான் டெபியன், உபுண்டு, பாஸ் எல்லாம். அதனால் ‘விண்டோஸா லினக்ஸா’ என்று ஒப்பிடுவது, முழுச் சாப்பாட்டையும் வெறும் சோற்றையும் ஒப்பிடுகிற மாதிரி ஆகிவிடும். விண்டோஸ் 11-ஐயும் உபுண்டுவையும் ஒப்பிடுங்கள், அப்போது கணக்கு நேர். பதினொன்றாம் வகுப்புப் பாடநூலும் விண்டோஸ், உபுண்டு இரண்டையும்தான் எடுத்துக்கொள்கிறது.

‘இலவசம்’ என்ற வரிக்கு வருவோம். இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. இங்கிலீஷில் காசு வேண்டாம் என்பதற்கும் சுதந்திரம் என்பதற்கும் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல்லாகப் போனதால் ஸ்டால்மன் வாழ்நாள் முழுக்க அதை விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. தமிழில் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இலவசமாகக் கிடைப்பதெல்லாம் கட்டற்ற மென்பொருள் ஆகாது. கட்டற்ற மென்பொருளை விற்கவும் தடையில்லை, ரெட் ஹேட் நிறுவனம் அதற்கான சேவைக்குச் சந்தா வாங்கியே வளர்ந்து, 2019-ல் ஐபிஎம் அதை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. கட்டற்றது என்றால் எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து படிக்கலாம், மாற்றலாம், மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். சி-டாக் ஆட்கள் டெபியனை எடுத்து பாஸ் என்று செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. விண்டோஸில் அது நடக்காது. அட்டவணையின் முதல் வரியில் ‘இலவசம்’ என்று எழுதிய இடத்தில் ‘கட்டற்றது’ என்று எழுதி நான்கு வரி விளக்கம் கொடு என்றேன்.

அப்புறம் அவள் கேட்ட கேள்வி: “அப்போ எது பெஸ்ட்டுன்னு எழுதறது சித்தப்பா?” சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு இரண்டு வழி இருக்கிறது. அடிவாரம் வழியாக ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவு, அஸ்தம்பட்டியில் இருந்து வருகிற எனக்கு அதுதான் வழி. அயோத்தியாப்பட்டணம் பக்கத்துக்காரர்களுக்குக் குப்பனூர் வழி. மழைக்கு மண் சரிந்து ஒரு பாதையை அடைத்தால் எல்லாரும் இன்னொன்றில்தான் போயாக வேண்டும். எங்கிருந்து புறப்படுகிறோம், எதை ஏற்றிக்கொண்டு போகிறோம் என்று தெரியாமல் எந்த வழி நல்லது என்று சொல்ல முடியாது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வியாபாரம் பண்ணுகிறவர் டேலியில் கணக்கு எழுதுகிறார், டேலி விண்டோஸுக்குத்தான் வருகிறது. பிளக்ஸ் அடிக்கிற கடைக்குக் கோரல்டிராவும் போட்டோஷாப்பும் இல்லாமல் பொழுது விடியாது, இரண்டுக்கும் இப்போது லினக்ஸ் பதிப்பு கிடையாது. அவர்களிடம் போய் லினக்ஸ் போடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அதே கொலுசுக்கடைக்காரர் பையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். உலகின் மிக வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பரில் இருந்து எல்லாமே லினக்ஸ். பல பேருக்கு ஒரே நேரத்தில் சேவை செய்கிற மெஷின் என்றால் யூனிக்ஸ் வழியில் வந்தது முந்துகிறது, மேஜையில் ஒருத்தர் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு விண்டோஸ் வேரூன்றி நிற்கிறது. இரண்டும் பிறந்த இடத்தை இன்னும் விடவில்லை, கட்டுரையின் முடிவாக இதை எழுதலாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று கேட்டால் என் கருத்து தெளிவு. கையில் பழைய மெஷின் இருந்தால் லினக்ஸ். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-க்குக் குறைந்தது நான்கு ஜிபி ராம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் எல்லாம் வேண்டும். என் தங்கையின் மடிக்கணினியில் ராம் இரண்டு ஜிபி. அதில் எடை குறைந்த மேஜைத்தளத்தோடு டெபியன் நன்றாகவே ஓடுகிறது, பைதான் எழுதிப் பழகலாம், சி++ எழுதிப் பழகலாம், உள்ளே எல்லாவற்றையும் திறந்து பார்க்கலாம், கெட்டுப்போனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். இரண்டாயிரம் ரூபாய்க்கும் போகாது என்று மூலையில் போட்ட மெஷின் ஒரு பிள்ளைக்குப் பட்டறையாக ஆவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், இதை ஆசையோடுதான் சொல்கிறேன்.

கடைசியாக, பிரின்ட் எடுக்கும் விஷயம், ஏனென்றால் இதில் மாட்டிக்கொள்ளாத பிள்ளை இல்லை. கட்டுரையை யூனிகோடில் டைப் செய்யுங்கள். விண்டோஸில் லதா, நிர்மலா போன்ற எழுத்துருக்கள் இருக்கும், லினக்ஸில் லோஹித், நோட்டோ இருக்கும். ஒன்றில் செய்த கோப்பை அப்படியே இன்னொன்றில் திறந்தால் எழுத்துரு மாறி வரிகள் இடம்பெயர்ந்து பத்துப் பக்கம் பதினொன்று ஆகிவிடும். அதனால் டைப் செய்கிற லிப்ரே ஆபிஸ் மென்பொருளிலேயே பிடிஎஃப் ஆக மாற்றி, அதைப் பென்டிரைவில் போட்டு ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். தலைப்பில் பாடநூலில் இருக்கிறபடி ‘இயக்க அமைப்பு’ என்றே போடுங்கள். ‘இயங்குதளம்’ என்றும் சொல்வார்கள் என்பதை முதல் பக்கத்தில் ஒரு தடவை குறிப்பிட்டால் போதும்.